பூட்டோடு வரும் போன்

அன்புள்ள கயலுக்கு,

விசா கைக்கு வந்துவிட்டது என்று அக்கா சொன்ன அன்றே உனக்கு எழுத நினைத்தேன். அதற்குள் உன் கேள்வி வந்துவிட்டது. அமெரிக்காவில் மாதப் பிளான் எடுத்தால் புது ஐபோனைச் சும்மாவே தருகிறார்களாம். வாங்கிக்கொள், ஊருக்குப் போகும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் அன்லாக் செய்து தம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்கிறாள் உன் சீனியர். அன்லாக் செய்தால் அங்கே ஜெயில் என்கிறான் வகுப்புத் தோழன். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறாய்.

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சொல்லாமல் விட்டதுதான் அதிகம். கடிதம் நீளமாகப் போகும். ஆனாலும் கிளம்பும் முன்பே படித்துவிடு. இந்த முடிவைக் கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டு எடுக்கக் கூடாது.

முதலில் அந்தச் ‘சும்மா’வைப் பார்ப்போம். போனின் விலையைப் பெரும்பாலும் 36 மாதத் தவணையாகப் பிரித்துப் பில்லில் ஏற்றுவார்கள். அதே தொகையை மாதாமாதம் தள்ளுபடியாகக் கழிப்பார்கள். அதனால் சும்மா வந்ததுபோல் தெரியும். நடுவில் அந்த நிறுவனத்தை விட்டு விலகினால் தள்ளுபடி நின்றுபோகும். மிச்சத் தவணை மொத்தமும் உன் தலையில் விழும். உன் படிப்போ இரண்டு வருடம். அந்தச் சலுகைக்குத் தகுதியான பிளான் பெரும்பாலும் அவர்களிடம் இருப்பதிலேயே விலை கூடியவற்றில் ஒன்றாக இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்.

இதுவரைகூட நான் குறை சொல்ல மாட்டேன். கடன் கொடுத்தவர் கடனைக் கேட்கத்தான் செய்வார். என் வருத்தம் அடுத்த விஷயத்தில்: அந்தப் போன் பூட்டோடு வரும். திரையில் நாம் போடும் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. சிம் கார்டுக்குள் ஓர் அடையாள எண் இருக்கிறது; அதன் முதல் சில இலக்கங்கள் நாட்டையும் நெட்வொர்க்கையும் குறிக்கும். இந்திய சிம் என்றால் 404 அல்லது 405 என்று தொடங்கும். அமெரிக்க சிம் 310, 311 என்று தொடங்கும். பூட்டிய போன் இந்த எண்ணைப் படித்துப் பார்த்து, விற்ற நிறுவனத்தின் எண் இல்லையென்றால் வேலை செய்ய மறுக்கும். போனில் பழுது ஒன்றும் இருக்காது. ஏர்டெல் சிம்மோடு பேச முழுத் திறமையும் அதற்கு உண்டு. பேசாதே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இ-சிம்முக்கும் இதே கதைதான். விடுமுறைக்கு நீ ஊருக்கு வந்தால் இங்கத்திய சிம் போட முடியாது; நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு டாலர் ரோமிங் கட்டணம் கட்டித்தான் பேச வேண்டும்.

நீ வளர்ந்த இடத்தில் இந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. கடையில் போன், தனியாக சிம், பிடிக்கவில்லையென்றால் வேறு சிம் என்றே நாம் பழகிவிட்டோம். ரிலையன்ஸின் பழைய சி.டி.எம்.ஏ. போன்களும், 2008-இல் ஏர்டெல், வோடஃபோன் வழியாக வந்த ஐபோன் 3ஜியும், 2017-இன் ஜியோபோனும் பூட்டோடுதான் வந்தன. இருந்தாலும் அவை விதிவிலக்குகள். அமெரிக்காவில் பூட்டோடு விற்பதே பல காலம் விதியாக இருந்தது. அதனால்தான் அந்த நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த போனைத் தூக்கிக்கொண்டு நம் ஆட்கள் பர்மா பஜாருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் அலைந்தார்கள்.

உன் தோழன் சொன்ன ஜெயிலுக்கு வருகிறேன். 1998-இல் அமெரிக்கா டிஜிட்டல் மில்லினியம் காப்பிரைட் சட்டம் என்று ஒன்றை இயற்றியது. சினிமா டிவிடியையும் பாட்டையும் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பதைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். அதன் 1201-ஆம் பிரிவு, பதிப்புரிமை உள்ள ஒரு படைப்பைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதே குற்றம் என்றது. உடைத்த பிறகு எதையாவது திருடினாயா என்ற கேள்வியே அங்கே கிடையாது. போனை ஓட்டும் மென்பொருளும் பதிப்புரிமை உள்ள படைப்புதானே? ஆக, வேறு நிறுவனத்தின் சிம் போடுவதற்காகப் பூட்டைத் திறப்பவர், பாட்டுத் திருடருக்காக விரித்த வலையில் விழுந்தார். பிரிண்டர் மை டப்பாவுக்கும், கார் ஷெட் கதவைத் திறக்கும் ரிமோட்டுக்கும்கூட இதே பிரிவைக் காட்டி வழக்குப் போட்டார்கள். 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அந்த இரண்டிலும் வழக்குப் போட்டவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லின. போன் விஷயம் அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை.

சிறைத் தண்டனை உண்மையாகவே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது காசுக்காக, தெரிந்தே செய்பவருக்கு: முதல் முறை ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் டாலர் வரை அபராதம். தன் போனைத் தானே திறந்துகொண்டவர்மேல் சிவில் வழக்குத்தான் போடலாம். ஒவ்வொரு முறைக்கும் 200 முதல் 2,500 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம்.

சட்டத்தை எழுதியவர்களுக்கே அது எல்லை மீறக்கூடும் என்ற பயம் இருந்திருக்கிறது. அதனால் ஒரு வடிகால் வைத்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் மனுக் கொடுக்கலாம். நியாயமான தேவைகளுக்கு விலக்குக் கேட்கலாம். பதிப்புரிமை அலுவலகம் ஆராய்ந்து சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைமை நூலகர். உன் கையில் இருக்கும் போனில் எந்த சிம் போடலாம் என்பதை ஒரு நூலகர் தீர்மானிக்கும் நிலை இப்படித்தான் வந்தது. 2006-இல் போன் பூட்டைத் திறக்க முதன்முதலாக விலக்குக் கிடைத்தது. 2010-இல் அது தொடர்ந்தது.

அந்த விலக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். 2007 ஜூனில் முதல் ஐபோன் வந்தபோது அது ஏடி அண்டு டி நெட்வொர்க்கில் மட்டும்தான் ஓடும். இரண்டே மாதத்தில் நியூஜெர்சியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் அதன் பூட்டைத் திறந்து, வேறு நெட்வொர்க்கில் பேசிக் காட்டினான். உலகம் முழுக்க அவன் படம் வந்தது. ஓராண்டு முன்பு அதைச் செய்திருந்தால் சட்டத்தின் பார்வையில் அவன் நிலை வேறாக இருந்திருக்கும்.

பிறகு 2012 அக்டோபர் வந்தது. அப்போதைய நூலகர் ஜேம்ஸ் பில்லிங்டன், 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கும் போன்களுக்கு இந்த விலக்குக் கிடையாது என்று அறிவித்தார். காரணங்கள் இரண்டு. பூட்டில்லாத போன்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன, கேட்டால் நிறுவனங்களே திறந்து தருகின்றன என்பது ஒன்று. இரண்டாவதுதான் எனக்கு ஆறாத கோபம் தருவது: போன் வாங்கியவர் அதற்குள் இருக்கும் மென்பொருள் பிரதிக்கு உரிமையாளர்தானா என்பதே சந்தேகம் என்றார்கள். அதாவது கண்ணாடியும் உலோகமும் உன்னுடையவை. அவற்றை வேலை செய்ய வைக்கும் நிரல் உன்னிடம் அனுமதியின்பேரில் தங்கியிருக்கிறது. வீட்டை விற்றுக் காசையும் வாங்கிக்கொண்டு, வாசல் சாவியை மட்டும் விற்றவர் வைத்துக்கொள்வதுபோல் இது. எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் இதை ஒப்புக்கொள்ளாது.

நிறுவனங்களின் பக்கத்தையும் நான் கேட்காமல் இல்லை. குறைந்த விலைக்குப் போன் கொடுக்கிறோம், அதை வாங்கி உடனே வெளிநாட்டில் விற்றுவிடுகிறார்கள், பூட்டு இல்லாவிட்டால் நஷ்டம் என்கிறார்கள். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நஷ்டத்தை ஈடுகட்ட ஒப்பந்தம் இருக்கிறது, தவணை பாக்கியை வசூலிக்க வழி இருக்கிறது, திருட்டுப் போனை முடக்க, ஒவ்வொரு போனுக்கும் உரிய ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணின் பட்டியல் இருக்கிறது. கனடா 2017 டிசம்பரிலிருந்து அன்லாக் கட்டணத்தைத் தடைசெய்து, புதுப் போன்களைப் பூட்டில்லாமல்தான் தர வேண்டும் என்றது. பிரிட்டன் 2021 டிசம்பரிலிருந்து பூட்டிய போன் விற்பதையே தடுத்தது. இரண்டு நாட்டிலும் தவணையில் போன் விற்பது நின்றுவிடவில்லை. பூட்டின் உண்மையான பயன், உனக்குப் பிடிக்காவிட்டாலும் வேறிடம் போக முடியாமல் உன்னை வைத்திருப்பது என்றே நான் நினைக்கிறேன்.

2013 ஜனவரியில் சினா கனிஃபர் என்ற இளைஞர் போன் பூட்டைத் திறப்பதை மீண்டும் அனுமதிக்கக் கேட்டு வெள்ளை மாளிகையின் மனுத்தளத்தில் ஒரு மனுப் போட்டார். இவர் கதை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி நாட்களில் இவர் கலிஃபோர்னியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தன் போனைக் கொண்டுபோனார். அங்கே அது வேலை செய்யவில்லை. திறக்கும் வழியைக் கண்டுபிடித்து, மற்றவர்களுக்கும் செய்துகொடுக்கும் சிறு தொழிலாக நடத்தினார். மோட்டோரோலாவின் வழக்கறிஞர்களிடமிருந்து மிரட்டல் நோட்டீஸ் வந்தது. அதில் நான் மேலே சொன்ன சிறையும் அபராதமும் இருந்தன. உன் வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார். ஜெனிஃபர் கிரானிக் என்ற வழக்கறிஞர் காசு வாங்காமல் அவருக்குத் துணை நின்றார், நிறுவனம் பின்வாங்கியது. 2006-இல் முதல் விலக்கு வாங்கிக் கொடுத்த வாதமும் கிரானிக்குடையதுதான்.

வெள்ளை மாளிகை பதில் சொல்ல வேண்டுமென்றால் அப்போது 30 நாளில் ஒரு லட்சம் கையெழுத்து வேண்டியிருந்தது. 1,14,322 வந்தது. மார்ச் 4 அன்று, போன் பூட்டைத் திறப்பது சட்டப்படி சரியாக்கப்பட வேண்டும் என்று வெள்ளை மாளிகை எழுத்தில் ஒப்புக்கொண்டது. குடியரசுக் கட்சி அலுவலகத்தில் வேலை பார்த்து, பதிப்புரிமைச் சீர்திருத்தம் பற்றி எழுதியதால் வேலையை இழந்த டெரெக் கன்னா என்ற இன்னோர் இளைஞரும் இதற்காகக் கதவு கதவாய்த் தட்டினார். எதற்கும் ஒத்துப்போகாத இரு கட்சிகளும் இதில் ஒத்துப்போயின. 2014 ஜூலை 15-இல் செனட்டிலும், 25-இல் கீழவையிலும் மசோதா நிறைவேறியது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஒபாமா கையெழுத்திட்டார். அந்த மனுத்தளத்தில் தொடங்கி சட்டமாக முடிந்த முதல் மனு இதுதான் என்று வெள்ளை மாளிகையே சொன்னது.

ஆகவே உன் தோழனிடம் சொல்: உன் சொந்தப் போனின் நெட்வொர்க் பூட்டை நீ திறப்பதும், உன் சார்பில் வேறொருவர் திறப்பதும் இன்று அமெரிக்காவில் குற்றம் இல்லை. 2015-இல் டேப்லெட்டுக்கும் கைக்கடிகாரத்துக்கும் இது நீட்டிக்கப்பட்டது. 2018, 2021, 2024 மூன்று முறையும் புதுப்பிக்கப்பட்டது.

ஆனால் கயல், நான் உன்னைக் கவனிக்கச் சொல்வது அந்தப் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்பதைத்தான். 2014 சட்டம் 1201-ஆம் பிரிவைத் தொடவேயில்லை. 2010-இன் விலக்கைத் திரும்பக் கொடுத்தது, அடுத்த முறை நூலகர் பார்த்துக்கொள்வார் என்று விட்டது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை யாராவது போய்க் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலோ, கேட்டும் மறுத்துவிட்டாலோ 2013 ஜனவரி திரும்ப வரலாம். விலக்கு என்பது திறக்கும் செயலுக்கு மட்டும்தான் என்பதும் இருக்கிறது. திறக்கும் கருவியைச் செய்து மற்றவர்களுக்குக் கொடுப்பதைத் தடுக்கும் வாசகம் அப்படியே நிற்கிறது, அதில் கை வைக்க நூலகருக்கு அதிகாரமே கிடையாது. இன்னொன்று, நிறுவனங்கள் உனக்குத் திறந்து தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. திருட்டு நோக்கமில்லாமல் எந்தப் பூட்டையும் திறக்கலாம் என்று நிரந்தரமாக எழுதிவிடும் ஒரு மசோதாவை ஸோயி லாஃப்கிரென் என்ற உறுப்பினர் 2013-இல் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. நம் நாட்டில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு இதைக் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதியிருக்கிறது: பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்குத்தான் தண்டனை. ‘நோக்கத்தோடு’ என்பதைச் சேர்க்க நம்மவர்களுக்குத் தோன்றியது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நீ போகும் நாட்டில் ஒரு வெளிநாட்டு மாணவர் இதே உடைமைக் கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார். தாய்லாந்திலிருந்து படிக்க வந்த சுபாப் கீர்த்சேங், ஊரில் மலிவாகக் கிடைத்த பாடப் புத்தகங்களைக் குடும்பத்தாரை விட்டு வாங்கி அனுப்பச் சொல்லி அமெரிக்காவில் விற்றார். ஜான் வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில், அந்தக் கையெழுத்துகள் குவிந்த சில வாரங்களில், ஆறுக்கு மூன்று என்று அவர் பக்கம் தீர்ப்பு வந்தது: முறையாக ஒருமுறை விற்ற பிரதி எந்த நாட்டில் அச்சானதாக இருந்தாலும், வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம். காகிதப் புத்தகத்துக்கு இருக்கும் இந்த உரிமை, போனுக்குள் இருக்கும் நிரலுக்கு இன்னும் தெளிவாக வரவில்லை.

இனி நீ என்ன செய்ய வேண்டும்? என் ஆசை, நீ இங்கிருந்தே பூட்டில்லாத போனோடு போக வேண்டும் என்பது. இப்போது வைத்திருக்கும் போனே போதும், ஆனால் அங்கே 3ஜி நெட்வொர்க்குகள் 2022-இலேயே மூடப்பட்டுவிட்டன. அதனால் உன் மாடல் அங்கத்திய 4ஜி, 5ஜியில் பேச ஒத்துவருமா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் ஐஎம்இஐ எண்ணைப் போட்டுப் பார். போனில் *#06# அழுத்தினால் அந்த எண் வரும். ஏடி அண்டு டி தன் பட்டியலில் உள்ள மாடல்களைத்தான் ஏற்கிறது.

அங்கேயே வாங்குவதானால், தயாரிப்பாளரின் கடையில் முழு விலை கொடுத்துப் பூட்டில்லாததைக் கேட்டு வாங்கு. தவணையில் எடுக்கத்தான் வேண்டுமென்றால், எப்போது திறப்பீர்கள் என்று எழுத்தில் கேள். பொதுவாகத் தவணை முழுவதும் கட்டியிருக்க வேண்டும், குறிப்பிட்ட நாட்கள் அந்த நெட்வொர்க்கில் ஓடியிருக்க வேண்டும் என்பார்கள். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். வெரைசான் நிறுவனம் 2008-இல் அலைக்கற்றை ஏலம் எடுத்தபோது ஏற்ற நிபந்தனையால் பல ஆண்டுகள் பூட்டாமலே விற்றது. 2019-இல் 60 நாள் பூட்டிக்கொள்ள அனுமதி வாங்கியது. ஆகவே சீனியர் வாங்கிய ஆண்டின் விதியைக் கேட்காதே, நீ வாங்கும் நாளின் விதியைப் படி. தகுதி வந்ததும் தள்ளிப்போடாமல் கேள். பெரிய நிறுவனங்கள் 2013-இல் அமெரிக்க மத்திய தகவல் தொடர்பு ஆணையத்துக்குக் கொடுத்த வாக்குப்படி, இரண்டு வேலை நாட்களுக்குள் திறக்க வேண்டும், அல்லது ஏன் முடியாது, எத்தனை நாளாகும் என்று சொல்ல வேண்டும். தங்கள் வாடிக்கையாளரிடம் அதற்குக் கட்டணமும் கேட்கக் கூடாது. மழுப்பினால் அந்த ஆணையத்தில் புகார் கொடு. அதற்குச் செலவில்லை, உன் விசாவுக்கும் ஒன்றும் ஆகாது.

ரிச்சி ஸ்ட்ரீட் யோசனையை மட்டும் விட்டுவிடு. அந்தக் கடைக்காரர்களின் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் ஐபோனின் பூட்டுத் தகவல் ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. விற்ற நிறுவனம் சொன்னால்தான் அது முறையாக விலகும். சிம்முக்கு அடியில் மெல்லிய சிப் ஒன்றை ஒட்டி ஏமாற்றும் வழி, ஒரு அப்டேட் வந்தால் படுத்துவிடும். 2022-இன் ஐபோன் 14 முதல் அமெரிக்க ஐபோன்களில் சிம் போடும் தட்டே கிடையாது, வெறும் இ-சிம்தான். சிப்பை எங்கே ஒட்டுவது? தவணை கட்டாமல் வந்த போனாக இருந்தால் அதன் ஐஎம்இஐ கறுப்புப் பட்டியலில் ஏறக்கூடும். அதை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு உடனே வந்துவிடு. இந்தியாவின் 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி போனின் அடையாள எண்ணைத் திருத்துவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பூட்டைத் திறப்பது வேறு, எண்ணைத் திருத்துவது வேறு. முன்னது உன் உரிமை, பின்னது மோசடி.

அடுத்த விலக்கு விசாரணை 2027-இல் முடிவுக்கு வர வேண்டும். நீ அப்போது அங்கே இருப்பாய். கருத்துச் சொல்லும் காலம் திறக்கும்போது பதிப்புரிமை அலுவலகத்துக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம். 2024-இல் உணவகங்களின் ஐஸ்கிரீம் இயந்திரத்தைப் பழுதுபார்க்க விலக்குக் கிடைத்ததுகூட, கேட்டவர்கள் இருந்ததால்தான். நீ மின்னணுவியல் படித்தவள். பூட்டு எப்படி வேலை செய்கிறது, அது யாரை எப்படித் தடுக்கிறது என்று உன்னால் தெளிவாக எழுத முடியும். இரண்டு பக்கம் எழுது. நானும் எழுதுவேன், அனுப்பும் முன் இருவரும் மாற்றிப் படித்துக்கொள்வோம்.

அதற்கு முன்னால், போன் கடையில் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாமல் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நள்ளிரவாக இருந்தாலும் பரவாயில்லை. ‘அன்லாக்’ என்று வரும் பத்தி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை மறக்காதே. தம்பியிடமும் சொல்லிவை, இ-சிம் அவன் ஊரில் எடுக்கிறதா என்று இப்போதே ஏர்டெல் கடையில் கேட்டுவைக்கட்டும்.

அன்புடன்,
சித்தி